காபி மூட்டைக்கு ஊரும் பேரும்: ஐரோப்பியக் காடழிப்புச் சட்டத்துக்கு ஏற்றுமதியாளர் தயாராவது எப்படி

இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றும் இந்தியக் காபியின் பெரிய வாடிக்கையாளர்கள். அங்கே இறங்கும் காபி எந்த நிலத்தில் விளைந்தது என்பதை இனி அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்ல வேண்டும். அந்த நிலம் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கியது அல்ல என்றும் காட்ட வேண்டும். 2023/1115 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கேட்பது இதைத்தான். வியாபார வட்டாரத்தில் இதற்கு இ.யூ.டி.ஆர். என்று பெயர்.

சட்டத்தின் பெயரைக் கேட்டதும் பலருக்குப் பயம் வருவது காடழிப்பைப் பார்க்கும் சாட்டிலைட் சோதனையை நினைத்து. ஆனால் ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ மூன்று தலைமுறையாகக் காபி நிற்கும் நிலத்துக்கு ‘காடழிக்கவில்லை’ என்று காட்டுவது பெரிய வித்தை இல்லை. உண்மையான சிக்கல் காபி காயும் களத்திலும் கோடவுனிலும்தான். அந்த நிலத்துக் காபிதான் இந்த மூட்டையில் இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

முதலில் தேதிகளும் வரம்பும்

சட்டம் 2023 ஜூன் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. கடைப்பிடிக்க வேண்டிய நாள் முதலில் 2024 டிசம்பர் 30 என்று இருந்தது. அது இரண்டு முறை தள்ளிப்போனது. 2025 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. குறு, சிறு நிறுவனங்களுக்குப் பொதுவாக 2027 ஜூன் 30. இந்த அளவுகோல் ஐரோப்பாவில் சரக்கைச் சந்தையிடும் நிறுவனத்துக்கு உரியது. நீங்கள் சிறிய ஏற்றுமதியாளர்தான் என்றாலும், வாங்குபவர் பெரிய ரோஸ்டர் (காபி வறுக்கும் நிறுவனம்) என்றால் உங்களுக்கு 2026 டிசம்பர் 30-தான் கணக்கு.

சட்டத்துக்குள் வரும் மூலப்பொருட்கள் ஏழு: மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம். தேயிலை, மிளகு, ஏலக்காய் கிடையாது. ஒரே எஸ்டேட்டில் காபியும் மிளகும் இருந்தால் காபிக்கு மட்டும்தான் இந்த வேலை. காபியிலும் ஹெச்.எஸ். (சுங்கக் குறியீட்டு எண்) 0901 என்ற தலைப்பில் வருவது, அதாவது பச்சைக் கொட்டை, வறுத்த கொட்டை, பொடி ஆகியவைதான் 2023 சட்டத்தின் முதல் இணைப்பில் இருந்தன. இன்ஸ்டன்ட் காபி போகும் 2101 அதில் இல்லை. இந்த இணைப்பு திருத்தப்படக்கூடியது என்பதால், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கு முன்பும் அன்றைய பட்டியலில் உங்கள் குறியீட்டு எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கன்னியாகுமரி ரப்பருக்கும் இதே சட்டம்தான். கீழே சொல்லும் படிகளில் பெரும்பகுதி அதற்கும் ஒத்துவரும், ‘மூட்டை’ இருக்கும் இடத்தில் ‘ஷீட்’ என்று வைத்துப் படித்தால் போதும்.

சரக்கு மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். காடழிப்பு இல்லாமல் விளைந்திருக்க வேண்டும். விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்த்தோம் என்று உறுதி சொல்லும் ‘உரிய கவன அறிக்கை’ ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரேசஸ் இணைய அமைப்பில் ஏறியிருக்க வேண்டும். அறிக்கையை ஏற்றும் பொறுப்பு பொதுவாக அங்குள்ள இறக்குமதியாளருடையது. உங்கள் பொறுப்பு, அவர் கையெழுத்துப் போடத் துணியும் அளவுக்குத் தகவல் கொடுப்பது. அவர் தவறினால், உறுப்பு நாடுகள் விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு அவருடைய ஐரோப்பிய ஒன்றிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். சரக்கும் பறிமுதலாகலாம். அந்த பாரத்தை ஒப்பந்தத்தின் ஏதாவது ஒரு ஷரத்து வழியாக உங்கள் தலைக்கு இறக்கப் பார்ப்பார். அது பற்றிப் பிறகு.

‘இந்தியா குறைந்த ஆபத்து நாடு’ என்றால் என்ன அர்த்தம்

2025 மே மாதம் வெளியான பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் குறைந்த ஆபத்துப் பிரிவில் வந்தன. அதிக ஆபத்துப் பிரிவில் ரஷ்யா, பெலாரஸ், வடகொரியா, மியான்மர் என்ற நான்கு நாடுகள் மட்டும். ‘அப்படியானால் நமக்கு வேலை இல்லை’ என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் நிறைய. அது தவறு. குறைந்த ஆபத்து நாட்டுச் சரக்குக்கு இறக்குமதியாளர் முழு ஆபத்து மதிப்பீடும் அதைக் குறைக்கும் நடவடிக்கையும் செய்யத் தேவையில்லை. அதிகாரிகளின் சோதனையும் குறைவு: குறைந்த ஆபத்துக்கு 1 சதவீதம், நடுத்தரத்துக்கு 3, அதிகத்துக்கு 9. நில ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை), சட்டப்படி விளைந்ததற்கான ஆதாரம், கலப்பில்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் அப்படியே இருக்கின்றன.

குறைந்த ஆபத்து நாட்டில் தானே விளைவித்துத் தானே சந்தையிடும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒருமுறை மட்டும் எளிய அறிவிப்பு போதும் என்று 2025 திருத்தம் சொல்கிறது. நாற்பது ஐம்பது பேரிடம் வாங்கிச் சேர்த்து அனுப்பும் காபிக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

படி 1: விவசாயி பட்டியல், நிலக் காகிதம்

ஒரு இருபது அடி கன்டெய்னரில் 60 கிலோ மூட்டை 320, அதாவது 19.2 டன் கிளீன் காபி (உமி நீக்கிய பச்சைக் கொட்டை) போகும். அராபிகாவைப் பார்ச்மெண்டாக (பழத்தோல் நீக்கி உமியோடு காயவைத்த கொட்டையாக) வாங்கினால் 100 கிலோவுக்கு 80 கிலோவை ஒட்டிக் கிளீன் தேறும். ஆக 24 டன் பார்ச்மெண்ட் வேண்டும். இரண்டு ஏக்கர் விவசாயி ஏக்கருக்கு 200 கிலோ கிளீன் எடுத்தால் ஒருவருக்கு 400 கிலோ. 19.2 டன்னுக்கு 48 பேர். இதோடு கணக்கு முடியவில்லை. நீங்கள் அனுப்பப்போவது பிளாண்டேஷன் ஏ என்ற பெரிய கொட்டைத் தரம் மட்டும் என்று வையுங்கள். கிளீனில் ஏ தரம் 60 சதவீதம் விழுந்தால் 32 டன் கிளீன் ஓட்ட வேண்டும், 80 பேர். ஏ தர மூட்டைகளில் அந்த 80 பேருடைய காபியும் இருக்கும். மீதியுள்ள பி, சி, பீபெரி தர மூட்டைகளிலும் அதே 80 பேர். ஆகவே ஒரு கன்டெய்னருக்கு எத்தனை நிலம் என்று வாங்குபவர் கேட்கும்போது எடையை மட்டும் வகுத்துச் சொல்லிவிடாதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுங்கள். பெயரை மட்டும் நம்பினால் ஒரே ஊரில் நாலு முருகேசன், ஆறு செல்வி. விவசாயிக்கு ஒரு எண், அவருடைய ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் கீழ் ஒரு எண். மேல் தோட்டத்தில் ஒன்றும் கீழ்த் தோட்டத்தில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் காபி இருந்தால் இரண்டு நில எண்.

தமிழ்நாட்டில் வாங்க வேண்டிய காகிதம்: பட்டா, சிட்டா, புல எண்ணும் உட்பிரிவும் உள்ள புலப்படம், அடங்கல். இவற்றில் அடங்கல்தான் கையில் கிடைக்கும் தங்கம். 2020-க்கு முந்தைய பசலி அடங்கலில் ‘காபி’ என்று பயிர் பதிவாகியிருந்தால், பின்னால் வரும் சாட்டிலைட் சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். கர்நாடகத்தில் அதே வேலையை ஆர்.டி.சி. பஹணி செய்யும். காபி வாரியப் பதிவு, பழைய விற்பனை ரசீது, கூட்டுறவுக் கடன் புத்தகம் எல்லாம் துணை ஆதாரம்.

பட்டா இல்லாதவர்களை உடனே கழித்துவிடாதீர்கள். விளைபொருளை விற்க நாட்டின் சட்டமே உரிமைப் பத்திரம் கேட்காத இடத்தில் ஐரோப்பியச் சட்டமும் அதைத் தனியாகக் கேட்பதில்லை. கொல்லிமலையில் 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்ற பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த உரிமைச் சான்றே போதுமான ஆவணம். கூடலூர், பந்தலூரில் 1969 ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவு நிலம் என்றால் கதை வேறு. அங்கே உரிமையே வழக்கிலும் தகராறிலும் கிடக்கிறது. அந்த நிலத்தைத் தனிப் பட்டியலில் வைத்து, வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே லாட்டில் (ஒன்றாக அனுப்பும் சரக்குத் தொகுதியில்) சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டு எல்லைக்கல்லைத் தாண்டிப் போன ஆக்கிரமிப்பு நிலம் என்றால் பேச்சே இல்லை, வெளியே.

‘நாட்டின் சட்டம்’ என்பது நிலத்தோடு நிற்பதில்லை. கூலி, குழந்தைத் தொழிலாளர், வரி, லஞ்சம், பழங்குடியினர் உரிமை எல்லாம் அதில் அடங்கும். எஸ்டேட் என்றால் கூலிப் பதிவேடு, பி.எஃப். செலுத்திய ரசீது, மரம் வெட்டியதற்கான அனுமதி ஆகியவற்றின் நகல் போதும். கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி விடுபடுகிறது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். நிழலுக்கு நின்ற மரத்தைத்தானே வெட்டினோம் என்று அனுமதி வாங்காமல் விட்டவர்கள், ‘காடழிப்பு இல்லை’ என்ற சோதனையில் ஜெயித்து ‘சட்டப்படி விளைந்தது’ என்ற சோதனையில் தோற்பார்கள்.

படி 2: நிலத்தின் ஆயத்தொலைவு

விதி இது: 4 ஹெக்டேர் வரையுள்ள நிலத்துக்கு ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி பாலிகன் (பலகோணக் கோடு) வேண்டும். 4 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 9.88 ஏக்கர். கணக்கு நிலத்துக்கு, ஆளுக்கு அல்ல. ஆறு ஏக்கர் இங்கே, ஐந்து ஏக்கர் அந்த மலையில் என்றால் இரண்டு புள்ளிகள். எண்ணில் தசமப் புள்ளிக்குப் பிறகு குறைந்தது ஆறு இலக்கம் இருக்க வேண்டும்.

ஆறாவது இலக்கம் தரையில் 11 சென்டிமீட்டர். உங்கள் போனின் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் தவறும், சில்வர் ஓக் அடர்ந்த இடத்தில் இன்னும் அதிகம். ஆகவே ஆறு இலக்கம் என்பது துல்லியத்தின் அடையாளம் அல்ல. படிவம் ஏற்றுக்கொள்ளும் வடிவம், அவ்வளவுதான். துல்லியத்துக்கு வழி வேறு: செயலியைத் திறந்து ஒரு நிமிடமாவது அசையாமல் நின்று, துல்லிய அளவு 5 மீட்டருக்குள் வந்த பிறகு புள்ளியை எடுங்கள். நிலத்தின் நடுவில் எடுங்கள். வீட்டு வாசலிலும் களத்திலும் எடுத்த புள்ளிகளே பிழைகளில் முதலிடம். கணக்கெடுக்க வந்த பையன் டீ குடித்த இடத்திலேயே முப்பது பேருக்கும் பதிவு செய்துவிட்டுப் போயிருப்பான். பட்டியலில் அடுத்தடுத்த புள்ளிகள் பத்து மீட்டருக்குள் குவிந்திருந்தால் அந்தக் கதைதான்.

பாலிகனுக்கு எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். மழை குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்ல காலம். ஒவ்வொரு மூலையிலும் நின்று புள்ளி வையுங்கள். நடந்தபடியே தானாகப் பதியவிட்டால் கோடு பின்னலாகி ஒன்றையொன்று வெட்டும், எட்டு வடிவம் வரும், அமைப்பு அந்தக் கோப்பைத் தள்ளிவிடும். தொடங்கிய புள்ளியும் முடித்த புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்டேட்டுக்குள் சோலை இருந்தால் அதை விட்டுவிட்டுக் காபி நிற்கும் பகுதியை மட்டும் வரையுங்கள். சோலை நிற்பது குற்றமல்ல. ஆனால் நாளை அங்கே நாலு மரம் சாய்ந்தால் அது உங்கள் காபிக் கணக்கில் சிவப்பாக வந்து நிற்கும். கோடு பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் எட்டு மீட்டர் நுழைந்திருந்தால் புலப்படத்தையும் எல்லைக்கல்லையும் வைத்துத் திருத்துங்கள், திருத்தியதற்கு ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள்.

எண்ணைக் கோப்பாக மாற்றும்போது நடக்கும் விபத்துகள் தனி ரகம். ட்ரேசஸ் ஏற்கும் ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. கூகுள் மேப்பில் நாம் பார்ப்பதற்கு நேர் எதிர். ஏற்காட்டின் 11.779412, 78.209365 என்ற புள்ளியை மேப்பில் கண்ட வரிசையிலேயே எழுதினால், தோட்டம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். இதுவாவது சிரித்துக்கொண்டே கண்டுபிடிக்கக்கூடிய பிழை. மோசமானது இன்னொன்று: 11 பாகை 46 நிமிடம் 45 விநாடி என்று பழைய கருவியில் இருப்பதை 11.4645 என்று தட்டிவிடுவது. சரியான எண் 11.779167. தட்டிய எண் 35 கிலோமீட்டர் தெற்கே, ராசிபுரம் பக்கச் சமவெளிக்குப் போய்விடும். நாடு சரி, மாநிலம் சரி, யாருக்கும் சந்தேகம் வராது. சமவெளியில் காபி ஏது என்று ஜெர்மனியில் ஒருவர் கேட்கும் வரை.

எக்செல் கடைசிப் பூஜ்ஜியங்களைத் தின்னும், 11.778400 என்பது 11.7784 ஆகிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். ஆயத்தொலைவு, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் இருக்கட்டும். புள்ளியாகக் கொடுக்கும் நிலத்துக்குப் பரப்பளவையும் ஹெக்டேரில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அமைப்பு 4 ஹெக்டேர் என்று தானே எடுத்துக்கொள்ளும். ஒரு ஏக்கர்காரர் பத்து ஏக்கர்காரர் ஆவார்; அந்தக் கற்பனை வட்டம் பக்கத்துக் காட்டைத் தொட்டாலும் வியப்பில்லை.

எல்லாம் முடிந்ததும் கோப்பை ஒரு வரைபடத்தில் திறந்து, ஊரை அறிந்த ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொரு புள்ளியாகக் காட்டுங்கள். ‘இது ராமசாமி காடு இல்லையே, ஓடைக்கு அந்தப் பக்கம்ல’ என்று அவர் சொல்வதற்கு ஈடான மென்பொருள் இன்னும் வரவில்லை. காபி வாரியம் தன் செயலி வழியாகத் தோட்டங்களைப் பதிவு செய்கிறது. அதில் பதிந்த விவசாயிகளின் எண்ணையும் உங்கள் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்து, இரண்டு புள்ளிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

படி 3: சாட்டிலைட் சோதனை, நிழல் என்ற வில்லங்கம்

சட்டத்தின் கணக்கில் காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயரமான மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் கிளைமூட்டம். ஆனால் முக்கியமாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் காடு அல்ல. மர நிழலில் பயிர் செய்யும் வேளாண்காடும் விவசாய நிலமே என்று சட்டமே சொல்கிறது. நம் காபி முழுக்க அந்த வகை: மேலே சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை, கீழே காபி.

சாட்டிலைட்டுக்கு இது தெரியாது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட 2020 உலகக் காடு வரைபடம் 10 மீட்டர் நுணுக்கத்தில் மேலிருந்து மர உச்சியைப் பார்க்கிறது. நிழல் காபி நிலம் பெரும்பாலும் அதில் ‘காடு’ என்றே விழும். பிறகு அந்த இடத்தில் சில்வர் ஓக் அறுவடை செய்தாலோ, மழைக்கு முன் நிழல் கவ்வாத்து செய்தாலோ, மண் சரிந்தாலோ, ‘2020-க்குப் பிறகு காடு போயிற்று’ என்று சிவப்பு எரியும். அந்த வரைபடம் கட்டாயமும் அல்ல, இறுதித் தீர்ப்பும் அல்ல. ஆனால் வாங்குபவரின் மென்பொருள் அதை வைத்துத்தான் முதல் வடிகட்டல் செய்யும். ஆகவே அவர் பார்ப்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் விஸ்ப் என்ற இலவசக் கருவியில் உங்கள் ஜியோஜேசனை ஏற்றினால் பல வரைபடங்களின் முடிவை ஒரே அட்டவணையில் தரும்.

சிவப்பு வந்த ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். அதில் இருக்க வேண்டியவை: 2020 இறுதி அல்லது 2021 ஜனவரி சென்டினல்-2 சாட்டிலைட் படம், சமீபத்திய கோடைப் படம், 2020-க்கு முந்தைய அடங்கல் நகல், மரம் வெட்ட வாங்கிய அனுமதி, இடமும் தேதியும் பதிந்த நாலு புகைப்படங்கள். புகைப்படத்தில் காபிச் செடியின் அடித்தண்டு தெரியட்டும். கை பருமனுள்ள தண்டு ஐந்து வருடத்தில் வருவதில்லை. சென்டினல் படங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் தளத்தில் இலவசம். மேகம் இல்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.

எதிர்ப்பக்கம்தான் உண்மையில் ஆபத்து. சோலைக்குள் ஒரு மரம்கூட வெட்டாமல், அடிப்புதரை மட்டும் நீக்கி 2022-ல் காபி நட்டிருந்தால் சாட்டிலைட்டில் பச்சை மாறாது. சட்டப்படி அது காட்டு நிலம் விவசாய நிலமானது, காடழிப்பு. எல்லா வரைபடமும் ‘சுத்தம்’ என்று சொல்லும், காபி சுத்தமல்ல. இதைக் கண்டுபிடிக்கத் தோட்டத்துக்கு நேரில் போய்ச் செடியின் வயதைப் பார்க்கும் ஆள்தான் வேண்டும். காட்டை ஒட்டிய நிலங்களுக்கு மட்டுமாவது அந்த ஆளை அனுப்புங்கள். மறுநடவு வேறு விஷயம்: பழைய காபியைப் பிடுங்கிப் புதிய காபி வைத்தால் விவசாயம் விவசாயமாகவே இருக்கிறது, தொந்தரவு இல்லை.

படி 4: மூட்டை

வரவு வைத்து நிறையைச் சரிக்கட்டும் முறை இங்கே செல்லாது. சரிபார்த்த காபி 10 டன், சரிபார்க்காதது 10 டன் கலந்துவிட்டு, 10 டன்னைச் சரிபார்த்ததாக விற்க முடியாது. ஒரு லாட்டில் ஒரே ஒரு நிலம் தேறாமல் போனாலும், அதைப் பிரித்தெடுக்க வழியில்லையென்றால் முழு லாட்டும் தேறாது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ் துணை ஆதாரமாக உதவும், ஆனால் கதவைத் திறந்துவிடாது.

கலப்பு நடக்கும் இடங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதல் இடம் விவசாயியின் வாசல். பழத்தோல் நீக்கும் பல்பர் வைத்திருப்பவர் பக்கத்துத் தோட்டத்துப் பழத்தையும் வாங்கித் தன் பெயரில் விற்பார். வழக்கமான ஊர் நடைமுறைதான், குற்ற எண்ணம் எதுவும் இல்லை. இதைப் பிடிக்க விளைச்சல் வரம்பு போடுங்கள். இந்தியச் சராசரி அராபிகாவுக்கு ஹெக்டேருக்கு அரை டன்னை ஒட்டி, ரோபஸ்டாவுக்கு ஒரு டன்னை ஒட்டி. உங்கள் பகுதியின் நல்ல விளைச்சலைப் போல ஒன்றரை மடங்கை உச்சமாக வையுங்கள். இரண்டு ஏக்கர் அராபிகாக்காரர் மூன்று டன் பார்ச்மெண்ட் கொண்டுவந்தால் பில் போடும் இடத்திலேயே நிற்க வேண்டும். அவரை விரட்டாதீர்கள், அண்டை வீட்டுக்காரரையும் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது இடம் ஊர் ஏஜென்ட். அவருக்கு எல்லாம் ஒரே காபி. ஜீப்பில் ஏற்றும்போதே சாக்கு மாறும். அவர் பிழைப்பே யாரிடம் வாங்கினார் என்பதைச் சொல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது. ஆகவே ‘பட்டியல் கொடு’ என்றால் கொடுக்க மாட்டார், கொடுத்தாலும் அது கற்பனையாக இருக்கலாம். நடைமுறையில் வேலை செய்வது இதுதான்: நீங்களே எண்ணிட்ட சாக்குகளைக் கொடுங்கள், விவசாயி எண் எழுதிய அட்டை ஒன்றைச் சாக்கின் உள்ளேயும் ஒன்றை வாயிலும் கட்டச் சொல்லுங்கள், அட்டையோடு வரும் காபிக்குக் கிலோவுக்கு ஒரு தொகை கூடுதலாகக் கொடுங்கள், விவசாயியைத் தேடி நேரடியாகப் போக மாட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கடைசி உறுதி இல்லாமல் முன் மூன்றும் நடக்காது.

அட்டையில் இருக்க வேண்டியது ஏழே வரி: விவசாயி எண், நில எண், பறித்த காலம், வகை, பார்ச்மெண்டா செர்ரியா (பழமாகவே காயவைத்ததா), எடை, வாங்கிய தேதி. பறித்த காலத்தை விட்டுவிடாதீர்கள். உற்பத்தித் தேதி அல்லது கால இடைவெளி சட்டம் கேட்கும் தகவல். ‘2026 நவம்பர் முதல் 2027 ஜனவரி வரை’ என்ற அளவு போதும்.

மூன்றாவது இடம் கியூரிங் வொர்க்ஸ், அதாவது உமி நீக்கித் தரம் பிரிக்கும் ஆலை. ஒருவருடைய எட்டு மூட்டைக்காக யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள், சேர்த்துத்தான் ஓட்டுவார்கள். சேர்ப்பதில் தவறில்லை, யாரைச் சேர்த்தோம் என்பது எழுத்தில் இருந்தால். கூட்டு லாட்டுக்கு ஒரு எண் போட்டு, அதற்குள் போன எல்லா நில எண்களையும் எடையோடு எழுதுங்கள். அந்த லாட்டிலிருந்து பிரியும் ஒவ்வொரு தரமும் முழுப் பட்டியலையும் சுமக்கும். சரிபார்க்காத காபி ஓடிய மெஷினில் அடுத்து சரிபார்த்ததை ஓட்டும் முன் ஹாப்பர், கல் பிரிப்பான், ஹல்லர், எலிவேட்டரின் அடிப்பெட்டி, சைலோவின் மூலை எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். எலிவேட்டர் அடிப்பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. போன லாட்டின் மிச்சம் அங்கேதான் தங்கியிருக்கும். சரிபார்த்த காபியில் முதல் ஓரிரு மூட்டையை ஓட்டி, அதை உள்நாட்டு விற்பனைக்குத் தள்ளிவிடுங்கள். நாளின் முதல் ஓட்டத்தைச் சரிபார்த்த காபிக்கு ஒதுக்கினால், இந்தச் சுத்தத்தை முந்தைய மாலையில் அவசரமில்லாமல் செய்யலாம்.

ஓட்டம் முடிந்ததும் எடையைச் சரிபாருங்கள். 24 டன் பார்ச்மெண்ட் போய் 19.2 டன்னை ஒட்டிக் கிளீன், மீதி உமியும் தூசியும் என்றால் சரி. 21 டன் கிளீன் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எங்கோ வேறு காபி நுழைந்திருக்கிறது.

நான்காவது இடம் கடைசி நிமிடம். 320-க்கு ஏழு மூட்டை குறையும், கப்பல் நாளை மறுநாள், பக்கத்து அடுக்கில் அதே தரம் கிடக்கும். முழு வருட உழைப்பு வீணாவது இந்த ஏழு மூட்டையில்தான். அனுப்பும் அளவைவிட ஐந்து சதவீதம் கூடுதலாகச் சரிபார்த்த காபியைக் கையில் வையுங்கள். கோடவுனில் அடுக்குகளுக்கு நடுவே ஆள் நடக்கும் இடைவெளி விட்டு, சரிபார்த்த அடுக்குக்கு வேறு நிறத் தையல் நூல் போடுங்கள். நூலின் நிறம் எழுதப் படிக்கத் தெரியாத சுமைத் தொழிலாளிக்கும் புரியும்.

படி 5: வாங்குபவருக்கு அனுப்ப வேண்டியது

லாட் எண், ஹெச்.எஸ். குறியீடு, நிகர எடை கிலோவில், வகையின் தாவரவியல் பெயர், உற்பத்தி நாடு, உற்பத்திக் காலம், ஜியோஜேசன் கோப்பு, சிவப்பு வந்த நிலங்களின் விளக்கக் குறிப்பு, சட்டப்பூர்வ ஆவணங்களின் தொகுப்பு. கோப்பு 25 எம்.பி.க்குள் இருக்கட்டும். கன்டெய்னரை நிரப்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள்; அவர் ஒரு நிலத்தை மறுத்தால் அந்த லாட்டை மாற்ற அப்போதுதான் நேரம் இருக்கும். காபி வாரிய ஏற்றுமதி அனுமதி, ஐ.சி.ஓ. (சர்வதேசக் காபி அமைப்பு) மூலச் சான்று ஆகியவற்றில் உள்ள லாட் எண்ணும் எடையும் இந்தக் கோப்போடு ஒத்துப்போக வேண்டும்.

அவர் அறிக்கையை ஏற்றியதும் ஒரு குறிப்பு எண்ணும் சரிபார்ப்பு எண்ணும் வரும். குறிப்பு எண் சுங்க அறிவிப்பில் ஏற வேண்டும், அது இல்லாமல் சரக்கு வெளியே வராது. எண் கிடைத்த 72 மணி நேரத்துக்குள், அது இன்னும் பயன்படுத்தப்படாமல் இருந்தால், அறிக்கையைத் திருத்தலாம். ஆகவே எண் வந்த அன்றே நகலை வாங்கி எடையையும் நிலங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் இறக்குமதியாளருக்குப் பிறகு வாங்குபவர்கள் புதிதாக அறிக்கை ஏற்ற வேண்டியதில்லை என்பது 2025 திருத்தத்தின் பலன்.

விவசாயிப் பட்டியலைக் கொடுத்தால் நம்மைத் தாண்டி நேரே வாங்கிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. ஆயத்தொலைவு தவிர்க்க முடியாது. ஆனால் விவசாயியின் போன் எண்ணும் கொள்முதல் விலையும் யாருக்கும் தேவையில்லை. அவற்றை நீக்கி அனுப்புங்கள். அறிக்கை ஏற்றும்போது அடுத்தடுத்து வாங்குபவர்களுக்கு நில விவரம் தெரியாமல் மறைக்கும் வசதி அமைப்பில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விவசாயியிடமும் தமிழில் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்குங்கள்: எந்த விவரம், யாருக்கு, எதற்கு.

ஒப்பந்தத்தில் ‘சரக்கு இ.யூ.டி.ஆர்.-க்கு முழுமையாக இணங்கும் என்று விற்பவர் உத்தரவாதம் அளிக்கிறார்’ என்ற வரி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இணங்குகிறதா என்று முடிவு செய்வது அங்குள்ள அதிகாரி, அவருடைய முடிவுக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. ‘இணைப்பில் உள்ள தகவல் விற்பவர் அறிந்த வரை உண்மை, இந்த லாட்டில் இணைப்பில் உள்ள நிலங்களின் காபி மட்டுமே உள்ளது’ என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுப்பவரிடம், தகவலை ஏற்றுக்கொண்டு எத்தனை நாளுக்குள் அவர் ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்ற காலவரம்பையாவது கேட்டு வாங்குங்கள்.

படி 6: அடுத்த வருடம்

ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டிய கடமை இறக்குமதியாளருக்கு. கேள்வி வந்தால் அவர் உங்களைத்தான் கேட்பார், ஆகவே நீங்களும் அதே ஐந்து ஆண்டு வையுங்கள். அட்டைகளைப் போனில் படம் பிடித்து லாட் எண் பெயரிட்ட ஃபோல்டரில் போட்டால் கரையானுக்குப் பயப்பட வேண்டாம்.

புள்ளிகளை வருடா வருடம் புதிதாக எடுக்கத் தேவையில்லை. பாகப்பிரிவினை, விற்பனை, புதிதாகச் சேர்ந்த நிலம் ஆகிய மூன்றை மட்டும் ஒவ்வொரு கோடையிலும் கேட்டுத் திருத்துங்கள். அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட நிலம் பழைய பெயரிலேயே ஓடுவது சாதாரணம். அப்போது ஒருவரின் விளைச்சல் வரம்புக்குள் இருவரின் காபி வந்து முட்டும். சாட்டிலைட் சோதனையை அறுவடைக்கு முன், அக்டோபரில் ஒருமுறை மறுபடி ஓட்டுங்கள். சிவப்பு வந்த நிலத்தை ஆள் போய்ப் பார்த்துத் திரும்பும் வரை, அதன் விவசாயி எண்ணை பில்லிங் கணினியில் நிறுத்தி வையுங்கள்.